தரையில் உட்கார்ந்து பார்த்தவள்

தாராவி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், தகரக் கூரை போட்ட பன்னிரண்டு வீட்டு வரிசையில், அடுப்புப் பற்றவைக்காத பெண் ஒருத்திதான் இருந்தாள். பெயர் அன்னத்தாய். அவள் புருஷன் பிச்சையா விடியற்காலையில் தோல் கிடங்குக்குக் கிளம்புமுன் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டுப் போவான். மறந்து போய்விட்டானென்றால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுவாள். வேறு எதற்கும் அவளைக் குறை சொல்ல முடியாது. கை வேலையில் கெட்டி, வாய் அதிகம் கிடையாது. ஆனால் தீக்குச்சியைத் தொடச் சொன்னால் விரல்கள் விறைத்துக்கொள்ளும். "பயந்தாங்கொள்ளி அன்னம்" என்றுதான் அந்த வரிசையில் அவளுக்குப் பெயர்.

அவள் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். ஒன்பது வயதில் அக்கா தங்கமயிலோடு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. ஒரு நாள் மத்தியானம் மருந்து காய்ச்சுகிற அறைப் பக்கமிருந்து வந்த வாடை வழக்கமான வாடையாக இல்லை. மூக்கைக் குத்தியது, நாக்குக்கு அடியில் கசந்தது. அன்னத்தாய்க்கு அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் வாடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பானையில் குவளையை விட்டபோது பின்னால் கட்டடம் பற்றிக்கொண்டது. தங்கமயிலோடு சேர்த்து ஏழு பேர்.

தண்ணீர் குடிக்கப் போனதால் தப்பித்தாள் என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை, பிச்சையாவுக்கும் தெரிந்த கதை. வாடை வந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமாகி பம்பாய்க்கு வந்து பதினைந்து வருஷம் கழிந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், அவள் காசிம் பாயின் பட்டறையில் தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். காசிம் மேலப்பாளையத்துக்காரர். டாக்சி சீட்டு, சினிமாக் கொட்டகை நாற்காலி, டாக்டர் வீட்டு சோபா என்று எதற்கும் மெத்தை தைத்து உறை போட்டுத் தருவார். அந்த வருஷ மழைக்காலத்தில் அவருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. சிவ்டிக்குத் தெற்கே, கடல் சேறாக உள்ளே வளைந்து வரும் இடத்தில் சோராப் சேட் என்ற பார்சிக்காரருக்கு ஒரு படகு யார்டு இருந்தது. பணக்காரர்களின் உல்லாசப் படகுகளைக் கட்டுவதும், பழைய படகுகளைப் பிரித்துப் புதுசாக்குவதும் அங்கே தொழில். உலகச் சண்டைக் காலத்தில் துறைமுகத்தைச் சுற்றி ரோந்து போன பழைய மோட்டார் லாஞ்ச் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார் ஒரு குஜராத்தி மில் முதலாளி. அதை மாளிகை மாதிரி மாற்றித் தர வேண்டும் என்பது அவர் உத்தரவு.

"மெத்தையை இங்க தச்சுக் கொண்டுபோய்ப் போட முடியாது பிள்ளே" என்றார் காசிம். "படகோட பக்கமெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு போவுது. அங்கன உக்காந்துதான் தைக்கணும். நீயும் மெஹராஜும் வாங்க."

மெஹராஜ் காசிமின் மச்சினி. ஐம்பதை நெருங்குகிறவள், விதவை, மூக்குப்பொடி போடுகிறவள். எதற்கும் பயப்படமாட்டாள். அவள் கூட வருகிறாள் என்பதால்தான் அன்னத்தாய் சம்மதித்தாள்.

இரண்டு பேரும் காலையில் கிங் சர்க்கிள் ஸ்டேஷனில் ரயிலேறி சிவ்டியில் இறங்கி நடப்பார்கள். லாஞ்ச் அப்போது கரையில் தண்டவாளத்தின்மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு மாடி உயரம். முதல் நாள் உள்ளே இறங்கும் ஏணியில் பாதியிலேயே அன்னத்தாய் நின்றுவிட்டாள். கீழே ஒரே ஒரு அறை, மேலே ஒரே ஒரு வாசல். ஏதாவது ஆனால் எப்படி ஏறுவது என்று முதலில் கணக்குப் பார்த்தாள். ஏழு படி. சேலை தடுக்காமல் ஏற வேண்டும். அன்றிலிருந்து அதைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டுதான் இறங்கினாள்.

ஆறு வாரத்தில் அந்த அறை கண்ணெதிரே மாறியது. தச்சர்கள் தேக்குப் பலகை பதித்தார்கள். கண்ணாடி வந்தது, பித்தளை விளக்கு வந்தது. புத்தக அலமாரி என்று வரைபடத்தில் எழுதியிருந்த ஒன்றுக்கு உள்ளே வெல்வெட் ஒட்டச் சொன்னார்கள். தட்டெல்லாம் வட்ட வட்டமான ஓட்டை. "பாட்டில் படிக்கிற புத்தகமாக்கும்" என்று மெஹராஜ் சிரித்தாள். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது.

இரண்டு பெண்களும் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து வளைந்த ஊசியால் தைத்தார்கள். மற்ற எல்லாருக்கும் நின்று செய்கிற வேலை. இவர்களுக்கு மட்டும்தான் தரை.

யார்டில் இன்ஜினீயர் சங்கரநாராயணன். மாதுங்காவில் குடியிருக்கும் அய்யர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தமிழ் பேசுகிற பெண்கள் என்பதால் போகும்போதும் வரும்போதும் "சாப்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். சோராப் சேட்டுக்கு முன்னால் மட்டும் அவர் குரல் பாதியாகிவிடும். இன்ஜின் வேலையெல்லாம் கோவிந்த் மிஸ்திரி கையில். ரத்னகிரிக்காரன். லாஞ்சில் இரண்டு பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் டாங்க் பின்பக்கம், அங்கிருந்து தரைப்பலகைக்கு அடியில் செம்புக் குழாய் இன்ஜினுக்குப் போகும்.

தசராவன்று படகுக்குப் பூஜை போட்டுக் குடும்பத்தோடு கடலில் ஒரு சுற்றுப் போய்வருவதாக மில் முதலாளி நாள் குறித்துவிட்டார். அதனால் கடைசி வாரம் எல்லாருக்கும் ஓட்டம். முந்தின நாள் யார்டில் ஆயுத பூஜை. மத்தியானத்தோடு வேலை நிற்கும். ஸ்பானர், சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் கழுவிக் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் பரப்ப வேண்டும். மறுநாள் காலை தேங்காய் உடைத்த பிறகுதான் எடுக்கலாம். படகு தண்ணீரில் இறங்கி மரப்பாலத்தோடு கட்டியிருந்தது. கோவிந்த் அவசர அவசரமாகக் கடைசிக் குழாயைப் பூட்டினான். பீப்பாயிலிருந்து பெட்ரோலைக் கைப்பம்பால் டாங்கில் ஏற்றினார்கள். தரைப்பலகையை மூடி, மேலே காஷ்மீர் கம்பளத்தை விரித்து ஓரமெல்லாம் ஆணி அடித்தார்கள்.

பூஜை மணி கேட்டபோது அன்னத்தாய் உள்ளே உட்கார்ந்து கடைசி வரிசைப் பட்டன்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலை வலித்தது. புழுக்கம் என்று நினைத்தாள். பிறகு நாக்குக்கு அடியில் ஏதோ இனிப்பும் கசப்புமாகத் தட்டியது. குனிந்தால் அதிகமானது, நிமிர்ந்தால் குறைந்தது. கை ஊசியோடு நின்றது.

"அக்கா, பெட்ரோல் வாடை வருதுல்லா?"

மெஹராஜ் உறிஞ்சிப் பார்த்தாள். "எனக்கு எங்கிட்டு வரும்? பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்து வருஷம் இருவது ஆச்சு. மீனு அழுகினாக்கூட ஆராவது சொன்னாத்தான் தெரியும்."

காசிம் பாயைக் கூப்பிட்டாள். அவர் ஏணியில் நின்றபடியே மோந்து பார்த்துவிட்டு, "வார்னிசு" என்றார். ஆயுத பூஜை சந்தனத்தை நெற்றியில் பூசிக்கொண்டு வந்த கோவிந்தும் அதையே இந்தியில் சொன்னான். இப்போதுதான் பெட்ரோல் ஏற்றினோம், கொஞ்சம் வாடை இருக்காதா என்றான். பலகையைத் திறந்து பார்க்கக் கேட்டபோது அவன் முகம் மாறிவிட்டது. "ஸ்பானர் பூஜையில் இருக்கிறது. இன்றைக்குத் தொட மாட்டேன்." இன்னும் ஒன்று சொன்னான். பதினெட்டு வருஷமாக இன்ஜின் பூட்டுகிறவனுக்கு மெத்தை தைக்கிறவள் பாடம் சொல்ல வேண்டாம்.

யார்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த சங்கரநாராயணனை அன்னத்தாய் மரப்பாலத்தில் பிடித்தாள். அவ்வளவு தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று மெஹராஜே ஆச்சரியப்பட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் திரும்பி வந்து ஏணியில் இறங்கினார். அறை நடுவில் நின்று மூச்சை இழுத்தார்.

"வார்னிஷ்தாம்மா. புது மரமோல்லியோ, அப்படித்தான் இருக்கும்."

"நின்னுக்கிட்டுப் பாத்தாத் தெரியாது சார். உக்காந்து பாருங்க. கீழதான் கெடக்கு."

அவர் தன் கால்சட்டையைப் பார்த்தார். கம்பளத்தைப் பார்த்தார். ஓரமெல்லாம் பித்தளை ஆணி வரிசை. அதைப் பெயர்த்தால் மறுபடி அடிக்க ஆள் கிடையாது, எல்லாரும் பூஜைக்குப் போயாயிற்று. காலையில் ஒன்பது மணிக்கு முதலாளி வந்துவிடுவார்.

"நீ மனசைக் குழப்பிக்காதே. கார்த்தால நான் சீக்கிரம் வந்து பாத்துடறேன்" என்றார். ஏணியில் ஏறும்போது திரும்பி, "இதை வெளியில யார்ட்டேயும் பேசிண்டிருக்காதே, என்ன?" என்றும் சொன்னார். வெளியே மேகம் கூடியிருந்தது. கம்பளம் நனையக்கூடாது என்று மேல்மூடிகளையெல்லாம் இறுக்கிப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் பிச்சையாவிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "இங்கன நம்ம வீட்டுலயே மண்ணெண்ண வாடைக்கு மூணு தடவ வெளிய ஓடிட்டு வார ஆளு நீ. அங்க படிச்ச இன்ஜினீரு பாத்துருக்காரு" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னான். அதனால் அது அவளை இன்னும் குழப்பியது. அவன் சொல்வது உண்மைதானே. இருபத்தைந்து வருஷமாக எங்கே போனாலும் அவளுக்கு ஏதாவது ஒரு வாடை வந்துகொண்டுதான் இருந்தது. அவற்றில் ஒன்றுகூட நிஜமாக இருந்ததில்லை.

காலையில் வெள்ளை உறைகளை மாட்ட வேண்டியிருந்தது. மேல்மூடியைத் திறந்து ஏணியில் மூன்றாவது படி இறங்கியதுமே அது முகத்தில் வந்து மோதியது. உறையைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றாள். ராத்திரி முழுக்க மூடிக்கிடந்த அறை. திறந்த வாசல் வழியே காற்று வர வர, நிற்கிற ஆள் உயரத்தில் அது கலைந்துபோனது. குனிந்தால் இருந்தது.

சங்கரநாராயணன் வந்ததும் சொல்லலாமென்று காத்திருந்தாள். அவர் சீக்கிரம் வரவில்லை. சோராப் சேட்டின் காரில், முதலாளியின் இரண்டு கார்களுக்கும் முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்தார். முதலாளி, அவர் மனைவி, மகள், மருமகன், நாலு பேரக் குழந்தைகள், ஒரு பண்டிட். பண்டிட் நேராகக் கீழே இறங்கி, முழங்கால் உயரம்கூட இல்லாத டீ மேஜையில் தாம்பாளத்தை வைத்தார். தேங்காய், பூ, ஊதுபத்திக் கட்டு, கற்பூரம். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி.

அன்னத்தாய் அதைத்தான் பார்த்தாள். கடைசி உறையின் நாடாவை அவளால் முடிய முடியவில்லை. மேலே இன்ஜின் அறை வாசலில் கோவிந்த் குந்தியிருந்தான். ஆரத்தி முடிந்ததும் குரல் கொடுப்பார்கள், அவன் இன்ஜினைக் கிளப்ப வேண்டும்.

"வேலை முடிஞ்சுதுன்னா மேல வாங்க, வாங்க" என்று காசிம் வாசலில் நின்று அடிக்குரலில் அவசரப்படுத்தினார். பெரிய மனிதர்கள் இறங்குகிற நேரத்தில் வேலைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது.

அவள் ஏறினாள். ஏழு படி. யாரையும் பார்க்காமல் மரப்பாலத்தில் கால் வைத்தாள். நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. பாலம் முடிந்து கரை வந்தது, கரையில் பழைய நங்கூரக் குவியல், அதைத் தாண்டி வண்டிக்கொட்டகை. கொட்டகைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றால் ஒன்றும் ஆகாது என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அங்கே போய்விட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்துவிட்டாள். கொட்டகை மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை, மேலே குவளை.

அந்தக் குவளையைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. தங்கமயில் அன்றைக்குக் கட்டியிருந்த பச்சைப் பாவாடை கண் முன்னால் வந்தது.

சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தாள். படகின் வாசலில் குழந்தைகள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் குழந்தையை ஒரு கை உள்ளே தூக்கி வாங்கியது. மெஹராஜ் பாலத்து நடுவில் நின்று இவளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்னத்தாய் திரும்பி ஓடினாள். ஓடும்போதே அழுதாள் என்று மெஹராஜ் பிறகு சொன்னாள். அவளுக்கு அது நினைவில்லை. காசிம் கையை நீட்டித் தடுத்ததும், அவரை இடித்துத் தள்ளியதும் நினைவிருந்தது. ஏணியில் எத்தனை படி மிதித்தாள் என்று தெரியாது. கீழே பண்டிட் கற்பூரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, மந்திரம் சொல்லிக்கொண்டே இடது கையால் தீப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் விரல் படுமுன் அவள் அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மந்திரம் நின்றது. முதலாளியின் மனைவி, "யே கோன் ஹை?" என்று அவள் யாரெனக் கேட்டாள். சோராப் சேட்டின் முகம் சிவந்தது. சங்கரநாராயணன் இரண்டு எட்டில் அவளிடம் வந்துவிட்டார்.

"என்ன பண்றே நீ? எழுந்திரு. எழுந்திரும்மா மொதல்ல!"

அன்னத்தாய்க்குத் தெரிந்த இந்தியெல்லாம் போயிருந்தது. "சார், உக்காருங்க. ஒரே ஒரு தடவ உக்காந்து பாருங்க. பொய்யா இருந்தா என்னைய அடிச்சு வெரட்டுங்க. பிள்ளைக நிக்கி சார்."

மருமகன் நல்ல மனிதர். தீப்பெட்டி இல்லாததுதான் பிரச்சினை என்று நினைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு வெள்ளி லைட்டரை எடுத்தார். பண்டிட்டுக்கு உதவி செய்வதற்காக மேஜைப் பக்கம் குனிந்தார்.

"வேண்டாம்!"

அன்னத்தாயின் அந்தக் குரல் மனிதக் குரல் மாதிரியே இல்லை. கைக்குழந்தை வீறிட்டது. மருமகன் லைட்டரோடு அப்படியே நின்றார். அந்த ஒரு நொடியில்தான் சங்கரநாராயணன் மண்டியிட்டார். கம்பளத்தின் சுருக்கத்தைச் சரிசெய்கிறவர் மாதிரி கையை ஊன்றித் தலையைத் தாழ்த்தினார். மூச்சை இழுத்தார்.

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

ஆனால் அவர் கத்தவில்லை. பக்கத்தில் இருந்த அன்னத்தாய்க்கு மட்டும் கேட்கும்படி, "அசையாதே, கையைத் திறந்துடாதே" என்றார். பிறகு மேலே பார்த்து, "கோவிந்த், ஹாத் மத் லகானா, கிஸீ சீஸ் கோ ஹாத் மத் லகானா" என்றார், எதிலும் கை வைக்காதே என்று. மருமகனிடம் இங்கிலீஷில், மெதுவாக, ரொம்ப மரியாதையாகப் பேசினார். லைட்டரை மூடிப் பையில் போடச் சொன்னார், ஸ்விட்ச் எதையும் தொடாமல் குழந்தைகளை முதலில் மேலே அழைத்துக்கொண்டு போகச் சொன்னார். அவர் குரல் சோராப் சேட்டுக்கு முன்னால் பாதியாகவில்லை. அன்னத்தாய் அதைக் கவனித்தாள். ஒவ்வொரு செருப்பாக ஏணியில் ஏறுவதைத் தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் செருப்பு மறைந்த பிறகும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சங்கரநாராயணன் கையைப் பிடித்துத் தூக்கினார். அய்யர் தன்னைத் தொட்டுத் தூக்கியது அவளுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

எல்லாரையும் கரையில் தூரமாக நிறுத்திவிட்டு, மூடிகளையெல்லாம் திறந்து போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு கோவிந்த், பொறி பறக்கக்கூடாதென்று ஆணிகளை ஒவ்வொன்றாக மரத்துண்டால் நெம்பிக் கம்பளத்தைச் சுருட்டினான், பலகையைத் தூக்கினான். படகின் அடிவயிற்றில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். அந்தத் தண்ணீருக்கு மேலே ஒரு விரல் கனத்துக்குப் பெட்ரோல் கிடந்தது. வெயில் பட்டு மயில் கழுத்து மாதிரி மின்னியது. செம்புக் குழாயின் கடைசித் திருகு கையால் சுற்றியதோடு நின்றிருந்தது. பூஜை அவசரத்தில் ஸ்பானர் போட்டு இறுக்க விட்டுப்போயிருந்தது.

கோவிந்த் வெளியே வந்து நங்கூரக் குவியலில் உட்கார்ந்தான்.

அன்னத்தாய் பாலத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மெஹராஜ் அவள் முதுகைத் தடவினாள். வலது கை அப்போதும் மூடித்தான் இருந்தது. "விடுளா, விடு, நான் வச்சுக்கிடுதேன்" என்று மெஹராஜ் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். தீப்பெட்டி நசுங்கி, வியர்வையில் ஊறிப் போயிருந்தது.

முதலாளி குடும்பத்துக்கு விஷயம் முழுசாகச் சொல்லப்படவில்லை. மெஷினில் சின்ன வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்ல நாள் கெட்டுப்போனதில் அவருக்கு வருத்தம். வேலைக்காரி ஒருத்திக்குச் சாமி வந்து பூஜை தடைப்பட்டதாக அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொன்னதாக ஒரு பேச்சு யார்டு வரைக்கும் வந்தது. அந்த லாஞ்ச் பத்து நாள் கழித்து நல்லபடியாகக் கடலுக்குப் போயிற்று.

அன்னத்தாய் அதைப் பார்க்கப் போகவில்லை. வேலைக்கும் போகவில்லை. தப்பித்தோம் என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிட்டார்கள். அவளுக்குப் பயம் அதற்குப் பிறகுதான் முழுசாக வந்தது. இத்தனை காலமும், வாடை வரும்போதெல்லாம் இது வெறும் பிரமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தது. இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. ஒன்று நிஜமாகிவிட்டதே. பஸ்ஸில் ஏறினால் பாதியில் இறங்கினாள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் சந்து முனைக்கு ஓடினாள்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கரநாராயணன் காசிமைக் கூட்டிக்கொண்டு தாராவிச் சந்துக்குள் வந்தார். சாக்கடையைத் தாண்டத் தெரியாமல் ஒரு காலை உள்ளே விட்டுவிட்டார். பிச்சையா தண்ணீர் ஊற்ற, காலைக் கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். யார்டில் இன்னொரு படகு தயாராகிறது. இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் அன்னத்தாய் ஒரு தடவை உள்ளே இறங்கி உட்கார்ந்து பார்க்க வேண்டும். சோராப் சேட்டிடம் பேசியாகிவிட்டது.

"அவ வேணாஞ் சார்" என்றான் பிச்சையா. "அவளுக்கு உள்ளதே ஒரு பயம். இன்னும் போயி..."

"தெரியும். அதனாலதான் அவளைக் கேக்கறேன். பயமே இல்லாதவாளைத்தான் இத்தனை வருஷமா இறக்கிண்டிருக்கோம். நானும் நின்னுண்டு மோந்து பாத்துட்டு ஆத்துக்குப் போனவன்தானே?"

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அன்னத்தாய் வெளியே வரவில்லை. அங்கிருந்தே பேசினாள். "சின்னதுல ஒரு தடவ இப்பிடித்தான் வாடை வந்துச்சு சார். தீப்பெட்டி ஆபீசுல. எங்க அக்கா பக்கத்துல இருந்தா. நான் ஆருகிட்டயும் சொல்லாம எந்திச்சுப் போயிட்டேன்."

சங்கரநாராயணனுக்கு அது என்னவென்று சரியாகப் புரியவில்லை. பிச்சையாவுக்குப் புரிந்தது. தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தான். அதற்கு மேல் வேண்டாமென்று அவன் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவள் போனாள். ஒரு டாக்டருடைய சின்னப் பாய்மரப் படகு, ஒரே ஒரு இன்ஜின். படகில் நின்றவர்களை முதலில் கரைக்குப் போகச் சொன்னாள். பெயிண்டர் ஒருவன் முனையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான், அவன் போகும் வரை இவள் நகரவில்லை. பிறகு தனியாக இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் பச்சைப் பாவாடை வந்ததால் திறந்தே வைத்திருந்தாள். குனிந்து நாலு மூலையிலும் பார்த்தாள். தேக்கு எண்ணெய், புதுக் கயிறு, உப்பு. வேறு ஒன்றும் இல்லை.

மேலே வந்து, "ஒண்ணும் இல்ல" என்றாள்.

கோவிந்த் அவளையே பார்த்தான். தசராவுக்குப் பிறகு அவன் அவளோடு பேசுவது அதுதான் முதல் தடவை. "இல்லை என்று சொன்னால், நான் கிளப்பும்போது நீயும் படகிலேயே நில்" என்றான் இந்தியில். கேலி இல்லை. கையில் பிடித்திருந்த ஸ்பானரை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை. அந்தக் குழாயை அவனும் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

சங்கரநாராயணன், "அதெல்லாம் வேண்டாம், நீ இறங்கிடு" என்று கரையிலிருந்து கத்தினார். அன்னத்தாய் இறங்கவில்லை. இறங்க நினைத்தாள், கால் வரவில்லை என்றுதான் பிற்பாடு பிச்சையாவிடம் சொன்னாள். பித்தளைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோவிந்த் இன்ஜினைத் திருகினான். ஒரு தடவை இருமி நின்றது. அந்த அமைதியில் அவளுக்கு உயிர் போய் வந்தது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டு, காலடியில் பலகையெல்லாம் அதிர ஓட ஆரம்பித்தது.

அறுபத்தொன்பது வரைக்கும் அந்த யார்டிலிருந்து கிளம்பிய பெட்ரோல் படகு எல்லாவற்றிலும் அவள் அப்படி இறங்கி உட்கார்ந்தாள், அப்படியே மேலே நின்றாள். இருபதுக்கு மேல் இருக்கும். இரண்டு தடவை "இருக்கு" என்றாள், இருந்தது. ஒரு தடவை "இருக்கு" என்று சொல்லிப் பலகையைப் பெயர்த்தால் செத்த எலி. கோவிந்த் முணுமுணுத்துக்கொண்டே பலகையைத் திரும்பப் பூட்டினான், ஆனால் அடுத்த தடவையும் அவள் சொன்னால் திறக்கத் தயாராக ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றான். பயம் கொஞ்சமாவது குறைந்ததா என்று மெஹராஜ் ஒருநாள் ரயிலில் கேட்டாள்.

"இல்லக்கா" என்றாள் அன்னத்தாய். "முந்தின நாளே வயித்தால போக ஆரம்பிச்சிரும்."

"பெறவு எதுக்குளா போற?"

அன்னத்தாய் ஜன்னல் வழியே வடாலா உப்பளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆள்களையெல்லாம் கரைக்கு எறங்கச் சொல்லுதேன்லா, அப்ப எல்லாரும் எறங்குதாங்க" என்றாள்.